புதுப்பிப்பு: ஈஸ்டர் உடுப்பைத் தைத்து முடித்துவிட்டேன்

ஈஸ்டர் ஆராதனைக்காக முழங்கை மூடும் பருத்திச் சுடிதார் ஒன்றை நானே தைப்பதாகவும், கையைத் தூக்கினால் கம்புக்கூடு (அக்குள் பகுதி) இழுப்பதாகவும் பங்குனித் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி மேலும் வெட்டாமல், மீதித் துணியில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்றை எடுத்து, மூலைவாட்டில் திருப்பி அக்குளில் வைத்துத் தைத்ததும் இழுப்பு நின்றுவிட்டது.

கழுத்தோரப் பூவேலைக்கு எங்கள் வாசலில் பூத்திருக்கும் சரக்கொன்றையையே மாதிரியாகக் கொண்டேன். ஒரு பூவைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தபோதுதான், ஐந்து மஞ்சள் இதழ்களுக்கு நடுவிலுள்ள பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு கொக்கிபோல் வளைந்திருப்பது தெரிந்தது. அந்த மூன்றையும் ஒற்றை இழையில் காம்புத் தையலாகப் போட்டேன்.

இந்த வெயிலில் ஏன் இவ்வளவு மூடிய உடுப்பு என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அக்கா. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. தோளை மூடும் உரிமைக்காக எங்கள் முன்னோர் அடிபட்டார்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசாணை அதை அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக்கூடாது என்ற தடை நீடித்தது. ஆகவே இந்த உடுப்பைப் போடும்போது முதலில் அந்தப் பாட்டிமாரின் நினைவுதான் வருகிறது. தகுதியான வஸ்திரத்தைப்பற்றிப் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய வசனம் அதற்குப் பின்னரே.

அளவு கேட்டவர்களுக்கு: துணி இரண்டரை மீட்டர் ஆயிற்று, இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தித் தேய்த்த பின்பே வெட்டுங்கள்.