தெஸேர், தூஸேர்: மதுரையில் பிரெஞ்சு பட்ட பாடு

(மதுரை இடங்களோட பேரையே புனைபெயரா வச்சுக்கிட்ட அஞ்சு பேர் பேசிக்கிட்டது)

வெளிவீதி:
போன மாசம் தெற்குக் கோபுரத்துப் பக்கம் பார்த்தது. இன்னும் மனசுல நிக்குது. செருப்பை ஆட்டோவுலயே விட்டுட்டுக் கோயிலுக்குள்ள போன பிரெஞ்சுத் தம்பதி, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினதும் வெளிய வந்து கொதிக்கிற கல்லுல காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நின்னாங்க. ஆட்டோ வந்தது ரெண்டு மணிக்கு. அவங்க சொன்னது 'தூஸேர்', பன்னிரண்டு. ஆட்டோ அண்ணன் காதுல விழுந்தது 'தெஸேர்', ரெண்டு. அவருக்கு எண்ணெல்லாம் அத்துப்படிதான். ஒத்தை உயிரெழுத்து காலை வாரிடுச்சு.

நண்பகல்னா 'மிதி'யான்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டா முடிஞ்சது. பிற்பகல் ரெண்டுன்னா 'கத்தோர்ஸேர்', அதாவது பதினாலு மணி. அவங்க ரயில், பஸ் அட்டவணையெல்லாம் 24 மணிக் கணக்குலதான் இருக்கும்.

விளக்குத்தூண்:
ஜிகர்தண்டா கடையில ஒரு அம்மா 'சாங் கிளாஸ்'னு கேட்டாங்க ('சாங்'னா இல்லாம). கடைக்காரர் கிளாஸ் வேண்டாம்போலன்னு பார்சல் கப்பை எடுத்தார். பிளஸ் டூவுல மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த பையன் ஒருத்தன் குறுக்க வந்து, "இல்லண்ணே, ஐஸ்கிரீம் வேணாமாம்"னான். மேல வச்ச ஐஸ்கிரீமை வழிச்சுக் கொடுத்தாச்சு. அந்தம்மா முகம் போன போக்கைப் பார்க்கணும்! அவங்க கியூபெக். அங்க 'கிளாஸ்'னா ஐஸ்கட்டி, ஐஸ்கிரீமுக்கு 'கிரேம் கிளாசே'. பிரான்ஸ்லதான் 'கிளாஸ்' ஐஸ்கிரீம். ஐஸ்கட்டி வேண்டாம்னா 'சாங் கிளாசோங்'. பையன் படிச்சது தப்பில்ல, ஊர்தான் வேற.

சாப்பாட்டு நேரமும் இப்படித்தான். பிரான்ஸ்ல 'தெழனே'ன்னா மதியச் சாப்பாடு, கியூபெக்குல அதே வார்த்தை காலைப் பலகாரம். எந்த ஊர்க்காரங்கன்னு கேட்காம டேபிள் போட்டுடாதீங்க.

நாலு மாசி:
வெளிவீதி சொல்றது பாதிதான் சரி. காதைக் குத்தம் சொல்லாதீங்க, நோட்டுப்புத்தகத்தைச் சொல்லுங்க. தமிழ் எழுத்துல பிரெஞ்சை எழுதிப் படிக்கிறதுதான் வினை. 'மேலே'ங்கிற வார்த்தையையும் 'கீழே'ங்கிற வார்த்தையையும் எல்லாரும் 'தெஸூ'ன்னே எழுதி வச்சிருக்காங்க. கீழேக்கு நம்ம ஊகாரமே போதும். மேலேக்கு 'ஈ' சொல்லிக்கிட்டே, நாக்கை அசைக்காம, உதட்டை மட்டும் விசில் அடிக்கிற மாதிரி குவிக்கணும். 'தெஸேர்'ல ரெண்டுங்கிற எண்ணுக்கு வர்ற உயிரும் அதே வித்தைதான்: 'ஏ' சொல்லி உதட்டை 'ஓ'வுக்குக் கொண்டுபோங்க. கண்ணாடி முன்னாடி பத்து தடவை சொன்னாலே நாக்கு எங்கே நழுவுதுன்னு பிடிபடும்.

அடுத்தது எண். பிரான்ஸ்ல எழுபதுக்குத் தனிச்சொல் கிடையாது, அறுபது-பத்து. எண்பது நாலு-இருபது, தொண்ணூறு நாலு-இருபது-பத்து. விலை 75ன்னா முதல்ல 'அறுபது'ங்கிறது காதுல விழும், பேனா தானா 6 எழுதிடும், அடுத்து 'பதினஞ்சு' வரும்போது அடிச்சு எழுதணும். பழக ஒரு வழி இருக்கு: பிரெஞ்சு போன் நம்பர் பத்து இலக்கம், ரெண்டு ரெண்டா அஞ்சு ஜோடியாச் சொல்லுவாங்க. யாரையாவது அப்படிப் படிக்கச் சொல்லி, முழு ஜோடி முடியுற வரைக்கும் பேனாவைத் தூக்கியே வச்சிருங்க. தினம் இருபது ஜோடி போதும். பெல்ஜியம், சுவிஸ்காரங்க எழுபதுக்கு 'செப்தாங்த்', தொண்ணூறுக்கு 'நோனாங்த்'னு நேராவே சொல்லிடுவாங்க, புண்ணியவான்கள்.

பெயர்ச்சொல்லைத் தனியா எழுதாதீங்க. முன்னாடி 'அங்', 'யூன்' எது வருமோ அதையும் சேர்த்தே எழுதுங்க. ஆண்பால் பெண்பாலைப் பிற்பாடு ஒட்டவைக்க முடியாது.

புதுமண்டபம்:
அண்ணே, இங்க யாரும் பாடம் கேட்கலையே! இருந்தாலும் போன் நம்பர் யோசனை நல்லாத்தான் இருக்கு.

புதுமண்டபத்துலேருந்து குன்னத்தூர் சத்திரத்துக்குப் போன தையல்கடை ஒண்ணுல நடந்தது. சட்டையைப் போட்டுப் பார்த்தவர் 'ப்ளு லார்ழ்'னார். டெய்லர் லார்ஜ் சைஸ் எடுத்து நீட்டினார். நீளம் முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு. 'லார்ழ்'னா பெருசு இல்ல, அகலம். மார்புல அரை இஞ்ச் பிரிச்சுவிட்டிருந்தா போதும். இறுக்கம்னா 'ஸெரே', கை 'மாங்ஷ்', குட்டையா வேணும்னா 'ப்ளு கூர்'. இந்த நாலு இருந்தா ஊசி எடுக்கலாம்.

அதைவிடக் கூத்து, 'ஒய்த் ழூர்'. நேரா எடுத்தா எட்டு நாள். டெய்லர் செவ்வாய்க்கிழமை அளவெடுத்து, விரல் விட்டு எண்ணி அடுத்த புதன்கிழமை துணியோட நின்னார். வாடிக்கையாளர் செவ்வாய் ராத்திரியே ரயிலேறிட்டார். அவங்க பேச்சுல எட்டு நாள்னா ஒரு வாரம், பதினஞ்சு நாள்னா ரெண்டு வாரம். நம்ம பதினாறாம் நாள் காரியத்துல முதல் நாளையும் சேர்த்து எண்ணுவோம்ல, அதே மாதிரி.

மாட்டுத்தாவணி:
சுருக்கமா ஒண்ணு. பூ மார்க்கெட்ல ஒரு பிரெஞ்சுக்காரம்மா ஒரு கட்டை எடுத்து மோந்துட்டு 'வெத்திவேர்'னாங்க. "ஆமாம்மா, வெட்டிவேர்தான்"னுட்டார் கடைக்காரர். தமிழ்லேருந்து போன சொல், அதனால எந்தச் சிக்கலும் இல்ல. விலை எண்பது ரூபா. நாலு-இருபதுங்கிற கணக்குல அவர் விரலைக் காட்டினார், நாலு. அந்தம்மா நாப்பதை நீட்டினாங்க.