பசுமைக் கடைசலா, பச்சைமரக் கடைசலா?

அனைவருக்கும் வணக்கம்.

ஈரமரத்தை லேத்தில் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுக்கும் 'கிரீன்வுட் டர்னிங்' என்பதற்குத் தமிழில் 'பசுமைக் கடைசல்' என்று நம் குழுவில் ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். கடைசல் என்ற பாதியில் எனக்கு மறுப்பே இல்லை. லேத்துக்குக் கடைசல் எந்திரம், டர்னருக்குக் கடைசலர் என்று ஐ.டி.ஐ. வரைக்கும் அந்தச் சொல் போய்விட்டது. மோட்டார் வருவதற்கு முன் ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பார், மரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழலும், இன்னொருவர் உளி பிடிப்பார். மத்தால் தயிர் கடைவதிலும் தீக்கடைகோலில் நெருப்பு எடுப்பதிலும் இதே சுழற்சிதான். இப்படிக் கையோடு பிறந்த சொல்லை விடவே கூடாது.

இடறுவது 'பசுமை'. பசுமை ஆற்றல், பசுமைக் கட்டடம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது சூழலைக் கெடுக்காத கடைசல் என்றுதான் விழும். நாம் சொல்ல வந்ததோ வெட்டி ஈரம் காயாத மரத்தைக் கடைவதை. ஆசாரிகள் அதைப் பச்சை மரம் என்றே சொல்கிறார்கள். சூளைக்குப் போகாதது பச்சைச் செங்கல், காய்ச்சாதது பச்சைத் தண்ணீர், புழுக்காமல் குத்தியது பச்சரிசி. பக்குவப்படுவதற்கு முந்திய நிலையைத் தமிழ் எப்போதோ 'பச்சை'யில் வைத்துவிட்டது.

வெறும் 'பச்சைக் கடைசல்' போதாதா என்று கேட்கலாம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களில் அரக்குச் சாயம் ஏற்றுகிறார்களே, அந்த நினைப்பில் பச்சை நிறக் கடைசல் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. 'மரம்' சேர்ந்தால் குழப்பம் தீரும்.

பச்சை மரம் உளிக்கு எளிதில் இணங்கும். தூசி பறக்காமல் சீவல் சுருள் சுருளாக வரும். சிக்கல் காயும்போதுதான். மரம் ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய 2 மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. அதனால் வட்டமாகக் கடைந்தது முட்டை வடிவத்துக்குப் போய்விடும். 2018 கஜா புயலில் சாய்ந்த எங்கள் வீட்டுப் பூவரசில் நான் கடைந்த முதல் மரவை அப்படித்தான் கோணிப்போனது. (பௌலுக்குக் 'கிண்ணம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மரப்பாத்திரத்துக்கு 'மரவை' என்று தனிச்சொல்லே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம்.)

இதைத் தவிர்க்க இரண்டு தடவையாகக் கடைகிறார்கள். முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது 30 செ.மீ. மரவைக்கு 3 செ.மீ. சுவர் வைத்துக் கடைவது. வெடிக்காமலிருக்க வெட்டுமுகத்தில் மெழுகு பூசி, நிழலில் மாதக்கணக்கில் காயவிடுவது. அப்புறம் கோணியதை மறுபடி எந்திரத்தில் ஏற்றிக் கடைந்து வட்டத்துக்குக் கொண்டுவருவது. இவற்றுக்கு 'முதற்கடைசல்', 'மறுகடைசல்' என்று வைக்கலாம்.

முதற்கடைசல் முடிந்து அலமாரியில் காய்ந்துகொண்டிருக்கும் பொருளுக்குத்தான் பெயர் அமையவில்லை. 'குறைக்கடைசல்' என்று தோன்றுகிறது, ஆனால் குறையுள்ள வேலை என்று படுமோ என்று தயக்கம். பட்டறையில் பழகியவர்கள் யாராவது அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்களேன்.