இங்கிலாந்தின் நார்த் நார்ஃபோக்கில் வீடு: ரயில் ஊரா, கிராமமா?

புதுவரவு: நாரிச் நகரப் பெரிய மருத்துவமனையில் வேலை. மகளுக்குப் பத்து வயது, அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளி. கார் ஒன்றுதான். நார்த் வால்ஷம் மாதிரி ரயில் இருக்கிற ஊரில் வாங்கலாமா, ஹோல்ட்டைச் சுற்றியுள்ள கிராமத்துக்குப் போகலாமா?

மேட்டுத்தெரு: நார்த் வால்ஷம்தான், யோசிக்கவே வேண்டாம். நாரிச்–ஷெரிங்ஹம் ரயில் நிற்கும், உயர்நிலைப் பள்ளி உள்ளூரிலேயே இருக்கிறது, கடை நடக்கிற தூரம். ஹோல்ட்டுக்கு வருவது சுற்றுலாப் பயணிகளுக்கான நீராவி ரயில். அதில் ஏறி டியூட்டிக்குப் போக முடியாது.

நாலாம்கியர்: ரயிலை இவ்வளவு நம்ப வைக்காதீங்க சார். நாரிச் ஸ்டேஷன் நகரின் கிழக்கில், மருத்துவமனை மேற்கே கோல்னியில். இறங்கி, ஊரைக் கடந்து இன்னொரு பஸ் பிடிக்கணும். அதிகாலை, ஞாயிறு ஷிப்டுகளுக்கு இரண்டு கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணட்டும். எப்படியும் கார்தான் என்றால் ஊருக்குள் சின்ன வீட்டுக்கு ஏன் காசு கொட்டணும்? அதே விலைக்குக் கிராமத்தில் தோட்டத்தோடு கிடைக்கும்.

மேட்டுத்தெரு: அந்தக் கார் எந்த வழியாகப் போகும்? 2018-இல் திறந்த ஏ1270 புறவழிச்சாலை ஃபேக்கனம் ரோட்டோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மருத்துவமனைப் பக்கம் போகும் ஏ47 நெடுஞ்சாலையைப் பிடிக்க ஒற்றைத்தடச் சந்துகள், இல்லையென்றால் நகர வளையச்சாலை நெரிசல். வரைபடத்தில் கிட்டத்தில் தெரியும், அவ்வளவுதான். ஒரே காரை டியூட்டிக்கு எடுத்துப் போய்விட்டால் வீட்டில் இருக்கிறவர் பால் வாங்கக்கூட பஸ்ஸுக்கு நிற்கணும்.

இன்னொன்று, கேஸ் குழாய் இல்லாத கிராமங்கள் நிறைய. அங்கே வீட்டைச் சூடாக்க ஹீட்டிங் ஆயில், அதாவது மண்ணெண்ணெய். பெரும்பாலும் குறைந்தது 500 லிட்டர் எடுத்தால்தான் லாரி வரும், அதுவும் பணம் மொத்தமாக. கேஸுக்கும் கரண்டுக்கும் உள்ள விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. டேங்க் வற்றும்வரை விட்டால் அடியில் தங்கிய தண்ணீரும் சேறும் ஃபில்டரை அடைக்கும், குழாயில் காற்று புகும், ஆயில் வந்த பிறகும் பாய்லர் எரியாது. டிசம்பரில் அல்ல, கோடையிலேயே நிரப்பணும்.

நாலாம்கியர்: அதற்குத்தான் பல கிராமங்களில் சேர்ந்து ஆர்டர் போடுகிறார்கள், விலை குறையும். ஹீட் பம்ப்புக்கு (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் மின்கருவி) மாறினால் 7,500 பவுண்டு அரசு மானியமும் உண்டு.

பழையஓடு: பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளின் செப்டிக் டேங்கை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. ஆயிலை விடப் பெரிய செலவு அதில்தான் ஒளிந்திருக்கு. செப்டிக் டேங்க் கழிவு நேரே வாய்க்காலிலோ ஓடையிலோ விழக்கூடாது. 2020 தொடக்கத்துக்குள் எல்லாரும் மாற்றியிருக்க வேண்டும், இன்னும் மாற்றாத வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. மாற்று வழி என்றால் கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழாய்ப்படுகை. அது கட்டடத்திலிருந்து 15 மீட்டர், ஓடையிலிருந்து 10 மீட்டர், குடிநீர்க் கிணற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும். சின்ன மனையில் இந்த மூன்று அளவும் ஒன்றாக அடங்காது. அப்போது சுத்திகரிப்புப் பிளான்ட்தான், பத்தாயிரம் பவுண்டைத் தாண்டலாம்.

கடற்காகம்: விலை மலிவு என்று கடலோரம் போய்விடாதீங்க. ஹேஸ்ப்ரா (எழுதுவது ஹாப்பிஸ்பர்க் மாதிரி, சொல்வது இப்படி) பக்கம் மண்மேடு சரிந்துகொண்டே இருக்கு. வழக்கமான வீட்டுக் காப்பீடு கடலரிப்பை ஏற்காது. வீடு போனால் இழப்பீடு இல்லை, இடிக்கிற செலவுக்கு மட்டும் 6,000 பவுண்டு வரை உதவி. குரோமர், ஷெரிங்ஹம் ஊர் முகப்புகளில் தடுப்புச்சுவர் உண்டு. சுற்றுச்சூழல் முகமையின் கடலரிப்பு வரைபடத்தில் வீட்டு அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்துவிட்டே சொலிசிட்டரிடம் (வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் வக்கீல்) போங்க.

நாலாம்கியர்: ஒத்துக்கறேன். நான் சொன்ன கிராமங்கள் உள்நாட்டுப் பக்கம்.

மேட்டுத்தெரு: உள்நாடே இருக்கட்டும், பள்ளிக்கூடம்? விண்ணப்பம் அக்டோபர் 31-க்குள். எட்டு வயது முதல், பொருத்தமான மிக அருகிலுள்ள பள்ளி மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால்தான் தூரக் கணக்கில் இலவச பஸ். பிடித்தது என்று தூரத்துப் பள்ளியை எழுதினால் ஐந்து வருஷமும் பஸ் காசு உங்கள் பையிலிருந்துதான்.

புதுவரவு: சனிக்கிழமை ஒரு கிராமத்து வீடு பார்க்கப் போகிறோம். அங்கே என்ன கேட்கணும்?

பழையஓடு: செப்டிக் டேங்க் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. வெளியே போகும் குழாய் எங்கே முடிகிறது என்று நடந்து போய்ப் பாருங்க. வேலிக்கு அப்பால் போனால், பக்கத்து நிலத்தில் குழாய் பதிக்க எழுத்துப்பூர்வ உரிமை இருக்கா என்று கேளுங்க. கடைசியாக எப்போது உறிஞ்சி எடுத்தார்கள் என்பதற்கு ரசீது கேளுங்க. “இதுவரை பிரச்சினையே வந்ததில்லை” என்று சொன்னால், வாய்க்கால் ஓரம் போய் மோந்து பாருங்க.