இரண்டு வருஷமாகப் போகாத வீடு: வந்தவர்கள், போனவர்கள், வாங்கியவர்

முற்றத்து வீடு எழுதியது:

கும்பகோணத்தில் அப்பாவின் வீட்டை விற்க எங்களுக்கு இருபத்திரண்டு மாதம் ஆனது. 2023 சித்திரையில் போர்டு மாட்டினோம். 2025 தை முடிகிற சமயத்தில்தான் கிரயம் முடிந்தது. இப்போது யாரிடம் பேச்செடுத்தாலும் "எங்க ஊர்லயும் ஒரு வீடு கிடக்குது" என்கிறார்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

முகப்பு 18 அடி, நீளம் 120 அடி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லையில் கிணறு. ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். 1978-ல் அப்பா வாங்கியது. அவர் போன பிறகு அம்மா சென்னைக்கு என்னோடு வந்துவிட்டார். விற்கக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அம்மாவும் பிள்ளைகள் நாங்கள் மூவருமாக நாலு பேர். 85 லட்சம் என்று விலை சொன்னோம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரிய கடைத்தெரு பக்கம் ஒரு வீடு அந்த ரேட்டுக்குப் போனதாகச் சித்தப்பா சொன்னார், அவ்வளவுதான். அதை ஜவுளிக்கடைக்காரர் கடை கட்ட வாங்கினார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும்.

முதல் மூன்று மாதத்தில் பதினைந்து பேராவது வந்திருப்பார்கள். பாதிப் பேர் வாங்க வந்தவர்களே இல்லை. ஒரு குடும்பம் அதே தெருவில் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, பந்திக்கு நேரம் இருக்கிறதே என்று உள்ளே நுழைந்தது. முற்றத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், காபி குடித்தார்கள், "இந்த மாதிரி வீட்டை விக்க எப்படி மனசு வருது?" என்று என்னையே கேட்டுவிட்டுப் போனார்கள். இன்னொருவர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் இருந்து கொல்லைவரை நடந்தார். கிணறு வாயு மூலையில் இருக்கிறதாம். ஈசானியத்தில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பாராம். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மனதைக் கிழித்தவர் மூன்றாமவர். கட்டடத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "மனைக்கு மட்டும் விலை பேசுவோம். கட்டடம் சுமைதான். இடிக்கிற கூலியை விலையில கழிச்சுக்கணும். பொதுச்சுவர் வேற, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன 58 லட்சத்துக்கும் நாங்கள் கடைசியில் விற்ற விலைக்கும் மூன்று லட்சம்தான் வித்தியாசம்.

அப்புறம் வந்ததுதான் அடிமனை விவகாரம். எங்கள் ஊரில் வீடு பார்க்க வருபவர் விலைக்கு முன்னால் கேட்கிற கேள்வி, "அடிமனை சொந்தமா, கோயிலுதா?" என்பது. கட்டடம் நம்முடையது, தரை கோயிலுடையது அல்லது மடத்துடையது என்று எத்தனையோ வீடுகள் அங்கே உண்டு. எங்களுடையது சொந்த மனை, பத்திரம் இருக்கிறது, வில்லங்கமும் சுத்தம். 2023 ஐப்பசியில் ஒருவர் 72 லட்சத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தார். பதிவுக்கு நாள் குறிக்கப் போனபோதுதான் எங்கள் சர்வே எண், பத்திரம் பதியக் கூடாத நிலங்களின் தடைப் பட்டியலில் இருப்பது தெரிந்தது. அந்தப் பழைய எண்ணில் ஒரு மூலை கோயில் நிலம். உட்பிரிவு பிரிக்காததால் மொத்த எண்ணுக்கும் பூட்டு. மூலப்பத்திரம், 1978 பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டு நகல், புல வரைபடம் என்று தூக்கிக்கொண்டு அலைந்து தடையின்மைச் சான்று வாங்க ஏழு மாதம் ஆனது. அதுவரை காத்திருக்க அவருக்கு முடியவில்லை. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம்.

சான்று கைக்கு வந்துவிட்டது, இனி மடமடவென்று போய்விடும் என்று நினைத்தேன். ஒருவரும் வரவில்லை. உறவினர்களோ "2028-ல மகாமகம் வருது, அதுவரைக்கும் வச்சிருங்க, விலை எங்கயோ போயிடும்" என்றார்கள். 2016 மகாமகத்துக்கும் அப்பாவிடம் இதையேதான் சொன்னார்கள்.

கடைசியில் 61 லட்சத்துக்கு வாங்கியவர் மூன்று தெரு தள்ளி வாடகைக்கு இருந்தவர். கூட்டி வந்தது தரகர் இல்லை. இரண்டு வீடு தள்ளி இட்லி மாவு விற்கிற அக்கா. சாவி அவரிடம்தான் இருந்தது. அவருக்கு 25,000 ரூபாய் கொடுத்தோம், வாங்கவே மாட்டேன் என்றார். இது தெரிந்ததும் இரண்டு தரகர்கள் போனில் சண்டைக்கு வந்தார்கள்.

காரைக்குடிப் பங்காளி எழுதியது:

நீங்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டீர்கள். எங்கள் வீட்டில் பதினோரு புள்ளி, அதாவது பதினோரு பங்காளிக் குடும்பம். சிங்கப்பூரில் ஒருவர், கோயம்புத்தூரில் மூன்று, ஒருவர் எங்கே என்றே தெரியாமல் இரண்டு வருஷம் தேடினோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் இருக்கிறது, ஓடுதான் ஒழுகுகிறது. வாங்க வருபவர்கள் வீட்டுக்கு வருவதில்லை, மரத்துக்கு வருகிறார்கள். பர்மா தேக்குத் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், நிலைக்கதவின் செதுக்கலை விரலால் தடவுவார்கள், "கதவும் தூணும் மட்டும் குடுங்கண்ணே, மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். எடுத்தால் அடுத்த வாரமே பழம்பொருள் கடையில் நிற்கும். மிச்சம் என்னத்துக்கு ஆகும்?

எட்டுப் புள்ளி விற்கத் தயார். முன்னோருக்குப் படையல் போடுவது அந்த வீட்டில்தான். ஒரு ஆச்சி மட்டும் "படைப்பு வீட்டை வித்துட்டு எங்க படைக்கிறது?" என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அத்தோடு நின்றது. வருஷத்துக்கு ஒரு முறை படைப்புக்குக் கூடுகிறோம், ஓடு மாற்றப் பணம் வசூலிக்கிறோம், பாதிப் பேர் தருவதில்லை.

துபாய்வாசி எழுதியது:

பாளையங்கோட்டை வீடு, 48 லட்சம். 2025-ல் விலை பேசி முடித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். தங்கமான மனிதர், விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. நான் வெளிநாட்டில் குடியிருப்பவன் என்பதால் வாங்குபவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். உள்ளூர்க்காரர் விற்றால் 50 லட்சமும் அதற்கு மேலும் போனால்தான் 1 சதவீதம் பிடிப்பார்கள். எனக்கு அந்த வரம்பெல்லாம் கிடையாது. பன்னிரண்டரை சதவீதம், அதன்மேல் செஸ், ஆக 13. அதுவும் லாபத்தில் இல்லை, மொத்த விலையில். 6 லட்சத்து 24 ஆயிரம். அதைக் கட்ட, வரி பிடிப்பவருக்கான டான் எண் என்று ஒன்றை வேறு அவர் அப்போது வாங்க வேண்டியிருந்தது. ஆடிட்டர் இதை விளக்கி முடித்ததும், "தம்பி, இந்த வயசுல நான் இதுக்கெல்லாம் எங்க போயி அலைய? தப்பா எடுத்துக்கிடாதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கும் அவர்மேல் வருத்தம் இல்லை.

பிறகு நான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். படிவம் 13 போட்டு, குறைந்த விகிதத்தில் பிடித்தால் போதும் என்ற சான்றிதழை வருமான வரித் துறையிடம் வாங்கினேன். இரண்டாவது பார்ட்டி வந்தபோது அது கையில் இருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. பவர் பத்திரம் போடுகிறவர்களுக்கு ஒன்று: தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தாள் தீர்வை கட்டியாக வேண்டும். என் மைத்துனர் அதை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டார். மறுபடி கையெழுத்து, மறுபடி கூரியர்.

பட்டுக்கோட்டையான் எழுதியது:

எங்களுக்கு வேறு மாதிரி சிக்கல். மெயின் ரோட்டு வீடு. பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பைப் போட்டால் இடமும் கட்டடமுமாக 42 லட்சம் வருகிறது. கேட்க வருகிற யாரும் 35-ஐத் தாண்டவில்லை. ஊரில் எல்லாரும் சொல்வது வழிகாட்டி மதிப்பு குறைவு, சந்தை விலை அதிகம் என்றுதான். மந்தமான ஊரில் அது தலைகீழாகவும் ஆகும். 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதம் ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டுக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். முத்திரைத்தாள் 7, கட்டணம் 2, மொத்தம் 9. வாங்குபவர் 35-க்கு வாங்கினாலும் அந்த 9 சதவீதம் 42-க்கு.

அதோடு முடியவில்லை. 35-க்கு எழுதினால் எனக்கு 42-க்கு விற்றதாக வரிக்கணக்கு, அவருக்கோ அந்த 7 லட்சம் வருமானம் வந்ததாக வரிக்கணக்கு. பத்து சதவீதம்வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுவார்கள். அதனால் இருவரும் ஆடிட்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 38 லட்சத்து 50 ஆயிரம் என்று முடித்தோம். அவரைப் பேரத்தில் மேலே ஏற்றியது நான் இல்லை, சட்டம். அதற்கு முன்னால் வந்த ஒருவர் அட்வான்ஸை 5 லட்சம் ரொக்கமாகப் பையில் கொண்டுவந்தார். வீடு, மனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக முன்பணம் வாங்கக் கூடாது, மாட்டினால் அந்தப் பணத்தைக் கைநீட்டி வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் என்று சொன்னேன். "ஊர்ல யாரு சார் இதெல்லாம் பாக்குறா?" என்று சிரித்தார். திரும்ப வரவில்லை.

முப்பது வருஷத் தரகர் எழுதியது:

நான் தஞ்சாவூர்ப் பக்கம். முற்றத்து வீட்டம்மா, மாவுக்கார அக்காவுக்குப் பணம் கொடுத்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலில் பாதித் தகவல் மாவுக் கடையிலும் இஸ்திரி வண்டியிலும்தான் வருகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், எத்தனை தரகரிடம் சொன்னீர்கள்?

வீட்டுக்காரர்கள் செய்கிற பெரிய தப்பு அதுதான். வலையை அகலமாக வீசுவதாக நினைத்துப் பத்துப் பேரிடம் சொல்வார்கள். ஒருவன் தன் பங்கை ஏற்றி 92 என்பான். ஒருவன் பார்ட்டியைப் பிடிக்க 78 என்பான். வாங்குபவர் ஒரே வீட்டுக்கு மூன்று விலை கேட்பார். சின்ன ஊரில் அப்படிக் கேட்ட அன்றே "ஏதோ இருக்குப்பா" என்று வந்துவிடும். ஒரு வருஷம் தாண்டினால் பேய்கூட வந்துவிடும். நிஜமாகவே கூரையில் வௌவால் சத்தம் போட்டதற்குக் கதை கட்டி ஒரு நல்ல வீட்டை மூன்று வருஷம் யாரும் தொடாமல் பண்ணினார்கள். வீட்டைப் பூட்டிப் போடாதீர்கள். சும்மாவாவது சாயங்காலம் ஒரு விளக்குப் போடச் சொல்லுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், அந்த மாதங்களில் விலையைக் குறைத்துப் பிரயோஜனமில்லை.

லோன் இல்லாமல் வாங்குகிறவர் இப்போது குறைவு. வங்கி இன்ஜினியர் வந்து கட்டடத்தின் வயசைக் கேட்பார், பிளான் அப்ரூவல் கேட்பார். அறுபது வருஷ ஓட்டு வீட்டுக்கு எங்கே போவது? மனைக்கு மட்டும் மதிப்புப் போடுவார், லோன் பாதியாகிவிடும். பார்ட்டி ஓடுவது அங்கேதான், வாஸ்து என்பது வெளியில் சொல்லிக்கொள்ளும் காரணம். கையில் காசு குறைகிறது என்று யாராவது சொல்வார்களா?

இன்னொன்று, தரகு 2 சதவீதம் என்று பேசிவிட்டுப் பத்திர ஆபீஸ் வாசலில் 1 என்பார்கள். அதையும் இங்கே யாராவது எழுதுங்களேன்.

முற்றத்து வீடு எழுதியது:

பதினோரு பேரிடம் சொன்னோம். ஒத்துக்கொள்கிறேன்.

வாங்கியவர் பத்திரம் முடிந்த அன்று ஹோட்டலில் சாப்பிடும்போது சொன்னார், எங்கள் வீடு விலைக்கு வந்தது அவருக்கு முதல் மாதமே தெரியுமாம். பிள்ளைகளுக்குள் கேஸ் நடக்கிறது என்று யாரோ சொன்னதால் கிட்டவே வரவில்லையாம். கேஸ் எதுவும் இல்லை. தடையின்மைச் சான்றுக்காக நானும் தம்பியும் வக்கீல் வீட்டுக்குப் போய்வந்ததை யாரோ பார்த்திருக்கிறார்கள். "புள்ளைங்க ஒத்துமையாத்தான் இருக்கு, நீ போய்ப் பாரு" என்று மாவுக்கார அக்கா சொன்ன பிறகுதான் வந்திருக்கிறார். 25,000 குறைவு என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வரிக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: 1978-ல் வாங்கியது என்பதால் 1-4-2001 அன்றைய மதிப்பை மதிப்பீட்டாளரை வைத்துக் கணக்குப் போட்டோம். பணவீக்கம் கழித்து 20 சதவீதமா, கழிக்காமல் பன்னிரண்டரையா என்று இரண்டையும் போட்டுப் பார்த்தோம். எங்களுக்கு 20 தான் குறைவாக வந்தது. எல்லாருக்கும் அப்படி வராது, போட்டுப் பாருங்கள். விற்றவர்கள் அம்மா, நாங்கள் மூவர் என்று நாலு பேர் என்பதால், துபாய்வாசி சொன்ன அந்த 1 சதவீத வரிக்கு வாங்கியவர் நாலு படிவம் போட வேண்டியிருந்தது. அவர் மகன் முகம் சுளிக்காமல் போட்டுக் கொடுத்தான்.

விருத்தாசலத்து வீடு எழுதியது:

மூன்றாவது வருஷம் நடக்கிறது, இன்னும் போகவில்லை. தரகர் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ஏழு தரகர்களுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னேன். ஒருவர் மட்டும் "நான் எப்பவோ விட்டுட்டேனே சார்" என்றார். சனிக்கிழமை ஒரு பார்ட்டி வருகிறது. கொல்லையில் ஆள் உயரத்துக்கு எருக்கு முளைத்திருக்கிறது, வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். கூடத்துக் குழல் விளக்கு எரியவில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போகும்போது ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டும்.