மாதிரி ரயில் அமைப்புக்குக் கற்பனை வரலாறு எழுதுவது எப்படி?

சிறுதடம் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எச்.ஓ. அளவில், அதாவது 1:87 விகிதத்தில், ஒரு மலைப்பாதையை அமைத்துவருகிறேன். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் 1954ஆம் ஆண்டு நிலக்கரி ஏற்றிச் செல்லும் ஒரு ரயில் கம்பெனி என்பது என் கற்பனை. நிறுவனர், அவருடைய மருமகன், இரண்டு திவால்கள், ஒரு வழக்கு என்று 1872இலிருந்து தொடங்கி நான்கு பக்கம் எழுதிவிட்டேன். ஆனால் அமைப்பைப் பார்ப்பவர் கண்ணில் அதில் ஒரு வரிகூடப் படாது. கையில் இருப்பவை மிகாடோ என்ற வகை நீராவி எஞ்சின்கள் இரண்டு, ஒரு டீசல் எஞ்சின், பதினான்கு நிலக்கரி வேகன்கள். போதாக்குறைக்கு, கணக்குப் பிசகியதால் பாலத்தின் கல்தூண்கள் இரண்டு தடம் போடும் அகலத்துக்கு அமைந்துவிட்டன, தடமோ ஒன்றுதான். வரலாற்றை எங்கிருந்து திருத்துவது?

பழைய கைகாட்டி:
நிறுவனரிடமிருந்து தொடங்கியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். 1954இல் நின்றுகொண்டு பின்னோக்கி எழுதிப் பாருங்கள். இந்தப் பாதை எதைச் சுமக்கிறது, யாரிடமிருந்து வாங்குகிறது, எந்தப் பெரிய கம்பெனியிடம் எந்த ஜங்ஷனில் ஒப்படைக்கிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மாதிரி ரயில் அமைப்பாளர் ஆலன் மெக்லெலண்ட் தம் கற்பனைப் பாதையான வர்ஜீனியன் அண்டு ஒஹாயோவை அப்படித்தான் நடத்தினார். அறைக்குள் தெரிவது நாடு முழுவதும் பரந்த ரயில் வலையின் ஒரு துண்டு மட்டுமே என்று வைத்துக்கொண்டதால், சுவருக்கு அப்பால் போகும் வேகனுக்கும் அங்கே ஓர் ஊர் இருந்தது. உங்கள் வேகன்கள் காலியாக மேலே ஏறி, நிறைந்து கீழே இறங்கட்டும்.

பெயர் வைக்கும்போது கம்பெனியின் பேராசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயின்ட் லூயிஸ்–சான் பிரான்சிஸ்கோ கம்பெனியின் தண்டவாளம் சான் பிரான்சிஸ்கோவைக் கடைசிவரை எட்டவேயில்லை. 1980இல் வேறொரு கம்பெனியோடு இணையும்வரை அந்த ஊர் பெயரில் மட்டும் இருந்தது.

கரிப்புகை:
எஞ்சின்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் உலகப் போரின்போது, 1917 டிசம்பர் இறுதியில், அமெரிக்க அரசு ரயில் கம்பெனிகளின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு 1920 மார்ச்சில்தான் திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் பொது வடிவமைப்பில் எஞ்சின்கள் செய்து பல கம்பெனிகளுக்குப் பங்கிட்டது. இலகு ரக மிகாடோவும் அவற்றில் ஒன்று. உங்களுடையவை அந்த வடிவமாக இருந்தால், பெரிய கம்பெனிகளிடம் இருந்த அதே எஞ்சின் உங்கள் சிறிய கம்பெனிக்கு எப்படி வந்தது என்பதற்கு இந்த ஒரு வாக்கியமே போதும்.

1954இல் நீராவி ஓடுவதற்குக் கூச்சப்படவும் வேண்டாம். அதே மலைப்பகுதியில் நிலக்கரி சுமந்த நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் கம்பெனி, தான் சுமந்த சரக்கே தன் எரிபொருளாகவும் இருந்ததால், 1960வரை நீராவியை விடவில்லை. எஞ்சின்களுக்கு 401, 402 என்று அடுத்தடுத்து எண் இடாமல் 401, 404 என்று இடுங்கள். நடுவில் இருந்த இரண்டும் எங்கே போயின என்று பார்ப்பவரே கேட்பார்.

மூன்றாம் மணி:
மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்த மருமகனை அடியோடு நீக்கிவிடாதீர்கள். ரயில் கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளின் பெயரை ஸ்டேஷன்களுக்குச் சூட்டியதுண்டு. யாரும் இறங்காத ஒரு சிறு ஸ்டேஷனின் பலகையில் அவர் பெயர் இருக்கட்டும்.

பாலத்தை இடிக்க வேண்டாம். 1920களில் நிலக்கரி வியாபாரத்தை நம்பி இரட்டைத் தடத்துக்குத் தூண் எழுப்பினார்கள், 1929இல் பங்குச் சந்தை சரிந்தபின் இரண்டாம் தடத்துக்குப் பணம் வரவில்லை என்று எழுதுங்கள். உங்கள் அமைப்பில் வரலாறு கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் இப்போதைக்கு அதுதான்.

சிறுதடம்:
மூவருக்கும் நன்றி. நான்கு பக்கம் அரைப் பக்கமாகிவிட்டது. வழக்கு போயிற்று, திவால் ஒன்று மட்டும் மிஞ்சியது. மிகாடோக்களை எடுத்துப் பார்த்தேன், இலகு ரகம்தான். தூண்களின் வெறுமையான பாதியில், மழைநீர் வழிந்த கறையை நேற்றிரவு மெல்லிய கறுப்புச் சாயத்தால் தீட்டி, விளிம்பில் கொஞ்சம் புல்லும் ஒட்டினேன். சாயம் காய்ந்ததும் 404இன் எண்ணை எழுத வேண்டும்.