குரோத் ஹார்மோன் 0.3 என்று வந்தது, மறுபடியும் டெஸ்ட் எதற்கு?

கரூர்_அம்மா:
பையனுக்கு 8 வயது, உயரம் 112 செ.மீ. போன ஒரு வருடத்தில் 4 செ.மீ. கூட ஏறவில்லை. வெளியே ஒரு லேபில் குரோத் ஹார்மோன் பார்த்தோம், 0.3 என்று வந்தது. அதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் ஹார்மோன் டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் வயிற்றில் கூட்டி வாருங்கள், குளோனிடின் மாத்திரை கொடுத்து அரை மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். மருந்துக் கடையில் கேட்டால் அது பிரஷர் மாத்திரையாம். சின்னப் பிள்ளைக்கு இது தேவையா?

டே_கேர்_நர்ஸ்:
அந்த 0.3-ஐ மறந்துவிடுங்கள் அக்கா. இந்த ஹார்மோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது, விட்டு விட்டுத்தான் சுரக்கும், அதுவும் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எடுத்தால் நன்றாக வளர்கிற பிள்ளைக்கும் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். அதனால்தான் மருந்து கொடுத்து மூளைக்கு அடியில் இந்த ஹார்மோனைச் சுரக்கிற பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டிவிட்டு, எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். குரோத் ஹார்மோன் தூண்டி உடம்பில் உண்டாகிற ஐஜிஎஃப்-1 என்பதை ஒரே தடவை எடுத்தால் போதும்தான், ஆனால் சாப்பாடு சரியில்லாத பிள்ளைக்கும் அது குறைந்து காட்டும்.

ஊசி ஒரு தடவைதான். கையில் வென்ஃப்ளான் (நரம்பில் செருகி வைக்கிற சின்ன பிளாஸ்டிக் குழாய்) போட்டு அதிலிருந்தே எல்லா சாம்பிளும் எடுப்போம். மாத்திரை போட்டதும் தூங்கி வழிவான், பிரஷர் இறங்கும், அதனால் படுக்க வைத்து ஒவ்வொரு சாம்பிளுக்கும் பிரஷர் பார்ப்போம். முடிந்ததும் ஜூஸ், உப்பு பிஸ்கட் கொடுங்கள். திரும்பும்போது பைக்கில் உட்கார வைக்காதீர்கள், தூக்கத்தில் சாய்ந்துவிடுவான்.

மதுரை_அப்பா:
எங்கள் பெண்ணுக்குக் குளோனிடின், அப்புறம் இன்னொரு நாள் அதே மாதிரி தூண்டிப் பார்க்க குளுக்ககான் ஊசி (சர்க்கரையை ஏற்றுகிற ஹார்மோன்). குளுக்ககானில் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டாள். சர்க்கரை தாமதமாக இறங்கலாம் என்று சாப்பிட வைத்து, பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். இரண்டு எதற்கு என்று நானும் சண்டை போட்டேன். குறையே இல்லாத பிள்ளைகளும் ஒரு டெஸ்டில் தோற்றுப்போவது சகஜமாம், அதனால் இரண்டிலும் குறைந்தால்தான் ஹார்மோன் குறைபாடு என்பார்கள். தூண்டிய பிறகும் அதிகபட்ச அளவு 10-க்குக் கீழே என்றால் குறைவு என்பது பழைய கணக்கு, இப்போது பல இடங்களில் 7.

இன்னொன்று: தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்புகிற ஹார்மோன்) மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று விட்டுவிடாதீர்கள். கோளாறு பிட்யூட்டரியில் இருந்தால் டிஎஸ்ஹெச் நார்மலாகவே காட்டும், தைராய்டே சுரக்கிற ஃப்ரீ டி4 தான் காட்டிக்கொடுக்கும். காலை 8 மணி கார்டிசாலும் (உடம்பே சுரக்கிற ஸ்டீராய்டு) கேளுங்கள். இரண்டும் குறைவாக இருந்தால் ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகுதான் தைராய்டு மாத்திரை, மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. பெண் பிள்ளை என்பதால் எங்களுக்கு டர்னர் (பெண்களுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவதால் வரும் கோளாறு) இருக்கிறதா என்று குரோமோசோமும் பார்த்தார்கள்.

கரூர்_அம்மா:
ரொம்ப நன்றி. இவன் அப்பாவும் பதினொன்றாம் வகுப்பில்தான் மளமளவென்று வளர்ந்தாராம். அப்படியென்றால் காத்திருக்கலாமா?

டே_கேர்_நர்ஸ்:
அந்த மாதிரி தாமதமாக வளர்கிற பிள்ளைகள் உண்டு, இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது பின்தங்கியிருக்கும். ஆனால் ஹார்மோன் குறைவிலும் எலும்பு வயது பின்தங்கும், அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. 11 வயது தாண்டியும் பருவ மாற்றம் தொடங்காத பையன்களுக்குச் சில டாக்டர்கள் முதலில் கொஞ்சம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) கொடுத்துவிட்டு டெஸ்ட் வைப்பார்கள், உங்கள் பையனுக்கு அது தேவைப்படாது. வருடத்துக்கு 4 செ.மீ. கூட ஏறவில்லை என்றால் அப்பாவைக் காரணம் காட்டி நான் காத்திருக்க மாட்டேன். அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் மட்டும் போன் பண்ணி வேறு தேதி கேளுங்கள்.