ஏசி இல்லாத வீட்டில் பக் நாய், பூனை, முயல்கள்: பகல் நேரத்துக்கு என்ன ஏற்பாடு செய்வது?

கேள்வி: வாசல்திண்ணை

ஐந்து வயது பக் நாய் ஒன்று (9 கிலோ, கொஞ்சம் குண்டு), நீளமுடிப் பூனை ஒன்று, கூண்டில் இரண்டு முயல்கள். ஏசி கிடையாது, பகலில் வீட்டில் ஆளும் இருக்காது. மதியம் வீட்டுக்குள்ளேயே 36 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. ஃபேனை ஓடவிட்டுப் போனால் போதுமா? நாய்க்கும் பூனைக்கும் முடியை ஒட்ட வெட்டிவிடலாமா? ஐஸ் தண்ணீர் ஆபத்து என்கிறார்களே, உண்மையா? நாய் மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தண்நிழல்

ஃபேன் மட்டும் போதாது. உடம்பெல்லாம் வியர்ப்பதால்தான் நமக்கு ஃபேன் காற்று குளிர்கிறது. நாய்க்கும் பூனைக்கும் அப்படி வியர்ப்பது பாதங்களில் மட்டுமே. நாய் வெப்பத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் இரைப்பதன் மூலம். நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமாக இருந்தால் அதுவும் நடக்காது. அதனால் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், புழுக்கத்தையும் கணக்கில் எடுங்கள்.

பக் நாய்க்கு மூக்கு குட்டை, மூச்சுப்பாதை குறுகல். இரைப்பதே அதற்குக் கடும் உழைப்பு. இரைக்க இரைக்கத் தொண்டைத் திசு வீங்கும், பாதை இன்னும் அடைபடும். 36 டிகிரி அறையில் நாள் முழுக்க அதைத் தனியே விடக்கூடாது என்பதே என் கருத்து. நடுப்பகலில் யாராவது வந்து பார்க்க வேண்டும், இல்லையென்றால் குளிர்ச்சியான இடத்தில் விட்டுச் செல்லுங்கள். எடையைக் குறைப்பதும் பெரிய உதவி.

அறையைப் பொறுத்தவரை, வெயில் ஜன்னலில் விழுவதற்கு முன்பே வெளிப்பக்கத்தில் மறைப்புப் போடுங்கள். உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் அறையிலேயே தங்கிவிடும். மெத்தையை எடுத்துவிட்டு வெறும் டைல்ஸ் தரையில் படுக்க விடுங்கள். குளியலறையைத் திறந்து வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி முட்டுக்கொடுங்கள். கிளம்பும்போது வயிறு, தொடையிடுக்கு, பாதங்களை நனைத்து ஃபேனைப் போட்டால் நல்ல பலன் தெரியும், ஆனால் காயும் வரைதான்.

சாதாரண நாளிலேயே கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. உங்கள் நாய்க்கு அது அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூடும். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும்படி, கனமான இரண்டு கிண்ணங்களை இரண்டு இடங்களில் வையுங்கள். ஐஸ் தண்ணீர் ஆபத்தில்லை. ஓடி முடித்தவுடன் எந்தத் தண்ணீரையும் மடமடவென்று குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

முடியை ஒட்ட வெட்டாதீர்கள், வெயில் நேராகத் தோலைச் சுடும். உதிர்ந்த உள்முடியைச் சீவி எடுங்கள். பூனைக்குச் சிக்குப் பிடித்த இடங்களை மட்டும் நீக்குங்கள்.

பதில்: நாலுகால்

மயங்கி விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் குளிர்வி, பிறகு தூக்கிக்கொண்டு ஓடு. இந்த வரிசை மாறினால் வழியிலேயே உறுப்புகள் கெடும்.

நாயின் இயல்பு வெப்பநிலை சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிற்காத உரத்த இரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பு ஈறு, தள்ளாட்டம், வாந்தி, ரத்தம் கலந்த பேதி, வலிப்பு எல்லாம் அறிகுறிகள். தெர்மாமீட்டரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், உடனே தண்ணீர். குழாய்த் தண்ணீரே போதும், நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். இளம், ஆரோக்கியமான நாயைத் தலை வெளியே இருக்கும்படி தொட்டியில் அமிழ்த்தலாம். மூச்சுத் தொந்தரவு உள்ள பக், வயதான நாய் என்றால் உடம்பெங்கும் தொடர்ந்து ஊற்றி ஃபேன் காற்றுப் பட வையுங்கள். ஈரத்துண்டால் போர்த்தாதீர்கள், சற்று நேரத்தில் துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். நினைவு தெளிவாக இல்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

இன்னொருவர் இருந்தால் ஆசனவாயில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கட்டும். 39.4க்கு வந்ததும் நிறுத்துங்கள், இல்லையென்றால் வெப்பநிலை அளவுக்கு மீறி இறங்கிவிடும். எழுந்து வாலாட்டினாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயே ஆக வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், ரத்தம் உறைதல் ஆகியவற்றில் கோளாறு ஓரிரு நாள் கழித்துத்தான் வெளிப்படலாம்.

பதில்: முயல்காது

நாயைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். இந்த வீட்டில் முயல்களின் நிலைமையும் அதே அளவு மோசம். முயலுக்கு வியர்க்காது, இரைப்பும் பெரிதாக உதவாது. காதில் ஓடும் ரத்தக்குழாய்கள் வழியாகத்தான் வெப்பம் போகிறது. 28 டிகிரியைத் தாண்டினாலே கவனம் தேவை. கூண்டை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலைக்கு, தரைமட்டத்துக்கு மாற்றுங்கள்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி உறைய வையுங்கள் (முழுக்க நிரப்பினால் ஐஸ் விரிந்து பாட்டில் வெடிக்கும்). துணி சுற்றி, கூண்டின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், வேண்டாமென்றால் விலகிப் போக இடம் இருக்கட்டும். காதின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே செத்துவிடக்கூடும். குடிநீர் பாட்டிலின் நுனியில் உள்ள குண்டு சிக்கிக்கொள்வதுண்டு, கூடவே ஒரு கிண்ணமும் வையுங்கள். தினம் இரு வேளை பின்புறத்தைப் பாருங்கள். அழுக்கு இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

பூனை வாயைத் திறந்து இரைத்தால் சாதாரணமாக எடுக்க வேண்டாம், உடனே கவனியுங்கள். கிளம்புமுன் அலமாரி, வாஷிங் மெஷின் உள்ளே பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். காற்றுக்காகத் திறக்கும் மாடி ஜன்னலுக்கு உறுதியான வலை அவசியம்.

வாசல்திண்ணை

மிக்க நன்றி. வெளிப்பக்க மறைப்பு இன்றே போடுகிறேன், மதியம் வந்து பார்க்க ஆளும் ஏற்பாடு செய்கிறேன். உடம்பு சுட்டால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

நாலுகால்

கூடவே கூடாது. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, மருந்து அதைத்தான் இறக்கும். வெயில் தாக்கியதில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது, அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை. பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை உயிரைப் பறிக்கும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் சிறுநீரகத்தையும் ரத்தக்கசிவையும் மோசமாக்கும். தண்ணீர், காற்று, மருத்துவர், இவ்வளவுதான்.